150 கோடி ரூபாய் காருக்கு வைத்தியம் பார்த்த கிழட்டு லேப்டாப்!

அந்தக் கார் மணிக்கு 240 மைல் வேகத்தில் பறக்கும். அதன் என்ஜின் அறையில் சுத்தத் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். அந்த ரகத்தில் ஒரு கார் 150 கோடி ரூபாய்க்கு விலை போயிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட கார் நோயில் படுத்தால் நாடி பிடித்துப் பார்க்க 2016-ம் ஆண்டில் யார் வரவேண்டியிருந்தது தெரியுமா?

20 வயதான ஒரு பழைய லேப்டாப் கம்ப்யூட்டர்!

புத்தம் புதிய கம்ப்யூட்டர்களை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாலும் பயன் இல்லை. அவை பேசுவது காருக்குப் புரியாது. கார் சொல்வது அவற்றுக்கு விளங்காது. பழைய சாமான் கடையில் தூசி படிந்து கிடக்கும் அந்தக் கிழட்டு லேப்டாப் வந்தால்தான் கார் வாயைத் திறக்கும்!

இது கட்டுக்கதை அல்ல. இங்கிலாந்து நாட்டில் நடந்த உண்மை.

நடுவில் உட்காரும் டிரைவர்

லண்டன் நகருக்குத் தென்மேற்கே வோக்கிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. பந்தயக் கார்கள் செய்வதில் பெயர் பெற்ற மெக்லாரன் கம்பெனி அந்த ஊரில்தான் இருக்கிறது.

பந்தயக் காரையே செய்து வந்த கம்பெனி, சாலையில் ஓடும் கார் ஒன்றையும் செய்ய ஆசைப்பட்டது. "உலகத்தில் இதற்கு மேல் ஒரு கார் இல்லை என்று சொல்லவேண்டும்" என்பது நோக்கம். கார்டன் மர்ரே என்ற என்ஜினீயர் அதற்குத் திட்டம் வகுத்தார். அவர் தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்.

1992-ம் ஆண்டு மே மாதம் அந்தக் கார் உலகத்துக்குக் காட்டப்பட்டது. பெயர், மெக்லாரன் எப்-1.

காரைப் பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். டிரைவர் இடது பக்கமும் இல்லை. வலது பக்கமும் இல்லை. நட்டநடுவில் உட்காருகிறார்! அவருக்குச் சற்றுப் பின்னால், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம்.

என்ஜினை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி செய்து கொடுத்தது. அதில் 12 சிலிண்டர்கள். என்ஜின் கக்கும் உஷ்ணத்தைத் திருப்பி அடிக்கத்தான் தங்கத் தகடு. ஒரு காருக்குச் சுமார் 16 கிராம், அதாவது நம் கணக்கில் 2 பவுன் தங்கம்!

1995-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் இந்த ரகக் காரே முதலாவதாக வந்தது. 1998-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ஜெர்மனியில் ஒரு சோதனைச் சாலையில் மணிக்கு 240 மைல் வேகம் ஓடி உலகத்தைத் திகைக்க வைத்தது.

மொத்தம் 106 கார்களே செய்தார்கள். 1998-ம் ஆண்டோடு உற்பத்தி நின்றுவிட்டது.

கிடைக்காத பொருளுக்குத்தானே கிராக்கி? 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில், 250 மைல்கூட ஓடாத ஒரு எப்-1 கார் 2 கோடியே 4 லட்சம் டாலருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி ரூபாய்!

கார் பேசும் பாஷை

பழைய காலத்துக் காரில் கோளாறு என்றால் மெக்கானிக் காதை வைத்துக் கேட்பார். முகர்ந்து பார்ப்பார். "பிளக் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார்.

எப்-1 அப்படி அல்ல. எத்தனை துளி பெட்ரோல் விடவேண்டும், எந்த நொடியில் பொறி தட்டவேண்டும் என்பதை எல்லாம் காருக்குள் இருக்கும் ஒரு சிறு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. என்ஜினுக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டால்தான் நோய் தெரியும்.

அதனிடம் கேட்பது எப்படி? ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து, கம்பி போட்டு இணைத்துக் கேட்கவேண்டும். அதற்காக அந்தக் காலத்தில் கம்பெனி தேர்ந்தெடுத்த லேப்டாப், காம்பாக் எல்.டி.இ. 5280. அது 1990-களின் நடுவில் வந்த மாடல். இன்றைய லேப்டாப்பைப் போல மெலிந்த மேனி அல்ல. கனமான அட்டைப் புத்தகத்தைப் போலத் தடித்த உடம்பு.

ஆண்டுகள் ஓடின. காம்பாக் கம்பெனியே 2002-ம் ஆண்டில் எச்.பி. கம்பெனியோடு கலந்துவிட்டது. அந்த லேப்டாப்புக்கு உதிரி பாகம் செய்வார் இல்லை.

ஆனால் கார்கள் இருக்கின்றனவே! அவற்றைக் கவனிக்கவேண்டுமே!

மெக்லாரன் பட்டறையில் இந்தப் பழைய லேப்டாப்புகளைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். 2016-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியே வந்தது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள்.

துபாஷி அட்டை

"அந்த லேப்டாப்பில் இருக்கும் புரோகிராமை எடுத்துப் புது லேப்டாப்பில் போட்டுவிட்டால் தீர்ந்தது. இதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் துபாஷி என்று ஒருவர் இருப்பார். அவருக்கு இரண்டு பாஷை தெரியும். துரை சொல்வதை ஊராருக்குச் சொல்வார். ஊரார் சொல்வதைத் துரைக்குச் சொல்வார். துபாஷி வராவிட்டால் அன்று வியாபாரம் நடக்காது.

காம்பாக் லேப்டாப்பின் உள்ளே அப்படி ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறது. அது ஓர் அட்டை. இந்தக் காருக்காகவே தனியாகச் செய்த அட்டை. லேப்டாப்பின் புரோகிராமுக்கும் காருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

அந்த அட்டை, அந்த லேப்டாப்புக்கு என்று செய்தது. இன்றைய லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது. அட்டை இல்லாவிட்டால் பேச்சு இல்லை. பேச்சு இல்லாவிட்டால் வைத்தியம் இல்லை!

இன்னொரு முடிச்சும் உண்டு. அந்தப் புரோகிராம் எழுதப்பட்டது டாஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு.

சாவிக்கொத்து யார் கையில்?

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?

ஒரு பெரிய மளிகை மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு இருக்கிறது. தராசு இருக்கிறது. கல்லாப்பெட்டி இருக்கிறது. எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஒரு கணக்குப்பிள்ளை வேண்டாமா? கம்ப்யூட்டரில் அந்தக் கணக்குப்பிள்ளைதான் ஆபரேட்டிங் சிஸ்டம்.

டாஸ் பழைய கணக்குப்பிள்ளை. 1981-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி தன் சிறு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மைக்ரோசாப்ட் கம்பெனி அதற்குக் கொடுத்த சிஸ்டம் அது. முதலில் அதை எழுதியவர் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர். மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கித் தன் பெயரில் விற்றது.

டாஸில் படம் கிடையாது. எலி போன்ற மவுசைப் பிடித்து அங்கும் இங்கும் தட்டும் வேலையும் கிடையாது. கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்.

இந்தக் கணக்குப்பிள்ளைக்கு ஒரு குணம். யார் வந்து கேட்டாலும் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுவார்! வந்த புரோகிராம் தானே கிடங்கைத் திறந்து, தானே எடுத்து, தானே அளந்துகொள்ளும். கம்ப்யூட்டரின் எந்த பாகத்தையும் நேரே தொடும். அட்டையோடு நேரே பேசும்.

இன்றைய கணக்குப்பிள்ளைகள் அப்படி அல்ல. சாவிக்கொத்தை இடுப்பை விட்டு எடுக்கமாட்டார்கள். "எது வேண்டுமானாலும் என்னிடம் கேள். நான் எடுத்துத் தருகிறேன். நீ உள்ளே போகாதே" என்பார்கள். திருடன் நுழையாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு.

ஆனால் பழைய புரோகிராமுக்குக் கேட்டு வாங்கத் தெரியாது. பழகிய வழக்கப்படி நேரே கிடங்குக்குப் போகும். கதவு பூட்டியிருக்கும். அங்கேயே நின்றுவிடும்.

இந்தத் தொல்லை கோடீசுவரரின் காரோடு போகவில்லை. இரும்பு கடையும் பட்டறைகளிலும் ஆராய்ச்சி சாலைகளிலும் பழைய கம்ப்யூட்டரை நம்பி ஓடும் யந்திரங்கள் உண்டு. யந்திரத்தின் இரும்பு உறுதியாக இருக்கும். இன்னும் 20 ஆண்டு உழைக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் கிழட்டு லேப்டாப் மூச்சை விட்டுவிட்டால், லட்ச ரூபாய் யந்திரம் எடைக்குப் போடும் பழைய இரும்பாகிவிடும். அதை நம்பி வேலை செய்யும் தொழிலாளியும் கையைக் கட்டி நிற்கவேண்டியதுதான்.

வேகமே எமன்!

புது கம்ப்யூட்டரில் பழைய புரோகிராமைப் போட்டால் வேகமாக ஓடும் என்றுதானே நினைப்போம்? அந்த வேகமே சில புரோகிராம்களுக்கு எமன்!

பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதிய பழைய டாஸ் புரோகிராம்களில் ஒரு வேடிக்கை நடந்தது.

புரோகிராம்களுக்குச் சில சமயம் ஒரு நொடி, அரை நொடி என்று காத்திருக்கவேண்டி வரும். அதற்காகப் புரோகிராம் எழுந்த உடனே, "கண் இமைக்கும் நேரத்துக்குள் இந்தக் கம்ப்யூட்டர் எத்தனை எண்ணுகிறது?" என்று ஒருமுறை அளந்து பார்க்கும். அந்தக் கணக்கின் விடையை எழுதிவைக்க ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் 65,535 வரைதான் எழுத முடியும்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டம் தாராளம். பின்னால் வேகமான கம்ப்யூட்டர்கள் வந்தன. அவை எண்ணித் தள்ளிய வேகத்தில் கட்டம் நிரம்பி வழிந்தது. "பிழை எண் 200" என்று சொல்லிவிட்டுப் புரோகிராம் செத்து விழுந்தது!

புரோகிராமில் வேறு குறை இல்லை. கம்ப்யூட்டரிலும் குறை இல்லை. ஓட்டப்பந்தயக் குதிரையை மாட்டு வண்டியில் பூட்டிய கதைதான்.

1995-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி பெரிய கொண்டாட்டத்தோடு வெளிவந்த விண்டோஸ் 95-க்கும் இதே தலைவிதி. மிக வேகமான பிற்காலக் கம்ப்யூட்டர்களில் அது எழுந்திருக்கும்போதே இடறி விழும். விண்டோஸ் 98-க்கு வேறு விதமான சங்கடம். 512 மெகாபைட்டுக்கு மேல் ஞாபகசக்தி உள்ள கம்ப்யூட்டரில் போட்டால் சாப்பாடு அதிகமாகி அதற்கு மூச்சுத் திணறும்!

ஆகையால்தான் பழைய சிஸ்டத்துக்கு அதே காலத்துப் பழைய லேப்டாப்பைத் தேடி அலைகிறார்கள்.

மாணவன் காப்பாற்றிய டாஸ்

1994-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட், "டாஸின் காலம் முடிகிறது. இனி எல்லாம் விண்டோஸ்தான்" என்கிற முறையில் பேசத் தொடங்கியது.

அப்போது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜிம் ஹால் என்ற மாணவர் கல்லூரியில் பவுதிகம் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு டாஸ் மேல் ஆசை. "கம்பெனி கைவிட்டால் என்ன? நாமே ஒன்று செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்போம்" என்று அந்த ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தார்.

முன்பின் பார்க்காத பல பேர் பல ஊர்களில் இருந்து கைகொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பகுதி எழுதினார்கள். அதுதான் பிரீடாஸ். அதன் முதலாவது முழுப் பதிப்பு வெளிவர 12 ஆண்டு பிடித்தது. 2006-ம் ஆண்டு வந்தது. 2025-ம் ஆண்டிலும் அதற்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது!

மைக்ரோசாப்டும் பின்னால் மனம் இளகியது. டாஸின் 4-வது பதிப்பை எழுதிய மூலத்தை 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் எல்லோரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திறந்துவிட்டது.

புது கம்ப்யூட்டருக்கு உள்ளேயே பழைய கம்ப்யூட்டர் போல வேஷம் போடும் புரோகிராமும் உண்டு. பெயர் டாஸ்பாக்ஸ். பழைய விளையாட்டுகளுக்கும் கணக்குகளுக்கும் அது போதும். ஆனால் மெக்லாரன் அட்டையைப் போல உண்மையான அட்டையைச் செருகவேண்டிய இடத்தில் வேஷம் செல்லாது. அங்கே அசல் லேப்டாப்தான் வேண்டும்.

கிழவனுக்கு வைத்தியம்

அசல் லேப்டாப்பைக் காப்பாற்றுவது லேசான காரியம் அல்ல. 25 வயது, 30 வயது லேப்டாப்புக்கு வரும் நோய்கள் பல.

முதல் எதிரி, பேட்டரி. லேப்டாப்பின் வயிற்றுக்குள் தேதியையும் நேரத்தையும் ஞாபகம் வைக்க ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் லேப்டாப்புக்கு இன்று என்ன தேதி என்பது மறந்துபோகும். பழைய லேப்டாப் சிலவற்றில், தன் உள்ளே என்ன இருக்கிறது என்பதுகூட மறந்துபோகும்! சில பேட்டரிகள் ஒழுகும். ஒழுகிய திரவம் பட்ட இடமெல்லாம் செம்புக் கம்பியை அரித்துத் தின்றுவிடும். ஆகையால் பழைய லேப்டாப் கைக்கு வந்ததும், விஷயம் தெரிந்தவர்கள் சுவிட்சைத் தட்டமாட்டார்கள். முதலில் திறந்து, ஒழுகும் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது, திரை. பழைய திரையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள் நாள்பட நாள்பட கெட்டு, புளித்த காடி நாற்றம் அடிக்கும். மூக்கில் நாற்றம் ஏறினால் திரைக்கு ஆயுள் குறைவு என்று அர்த்தம்.

மூன்றாவது, சுழலும் தட்டு. லேப்டாப்பின் எல்லாச் சரக்கும் இருப்பது அதன் ஹார்டு டிஸ்கில். இரவு பகல் சுழன்று சுழன்று ஒரு நாள் நின்றுவிடும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. காமிராவில் போடும் காம்பாக்ட் பிளாஷ் என்ற சிறு அட்டையை, ஒரு மலிவான இணைப்பின் மூலம் ஹார்டு டிஸ்கின் இடத்தில் வைக்கலாம். லேப்டாப் அதையே ஹார்டு டிஸ்க் என்று நம்பிவிடும்! சத்தம் இல்லை. சுழற்சி இல்லை. சூடும் குறைவு.

நான்காவது, பிளாப்பி. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் இந்தச் சதுரத் தகட்டில்தான் வந்தன. ஒரு தகட்டில் அடங்குவது 1.44 மெகாபைட். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காமல் போகும். தகட்டின் காந்தச் சக்தி நாளாக ஆக மங்கும். ஆகையால் பிளாப்பி இன்னும் படிக்கிற நிலையில் இருக்கும்போதே நகல் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அடுத்த மாதம் அது வெறும் தகடாக இருக்கும்.

ஊர் சுற்றக்கூடாது!

எல்லாம் சரி செய்தாயிற்று. பழைய லேப்டாப் எழுந்து உட்கார்ந்துவிட்டது. இனி அதில் இன்டர்நெட் பார்க்கலாமா?

கூடவே கூடாது!

ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஓட்டைகள் உண்டு. கம்பெனி ஆதரவு கொடுக்கும் வரை ஓட்டையை அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆதரவு நின்ற பிறகு ஓட்டை திறந்தபடியே கிடக்கும். திருடர்களுக்கு அது தெரியும்.

2017-ம் ஆண்டு மே மாதம் வான்னாகிரை என்ற கம்ப்யூட்டர் புழு 150 நாடுகளில் புகுந்தது. ஓட்டை அடைக்காத கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்துப் பூட்டு போட்டு, "பணம் கொடுத்தால் திறப்பேன்" என்று மிரட்டியது. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளும் சிக்கின. 19 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. நிலைமை எவ்வளவு மோசம் என்றால், 2014-ம் ஆண்டிலேயே ஆதரவை நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாப்ட் அவசரமாக ஒரு மருந்து கொடுக்கவேண்டியதாயிற்று!

ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கிழவருக்கு இந்தப் பயம் இல்லை. அமெரிக்காவின் பிரபல கதாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இதற்கு நல்ல உதாரணம். "கேம் ஆப் த்ரோன்ஸ்" டெலிவிஷன் தொடருக்கு மூலக்கதை எழுதியவர் அவர். 2014-ம் ஆண்டில் ஒரு டெலிவிஷன் பேட்டியில், தாம் கதை எழுதுவது டாஸ் கம்ப்யூட்டரில், வேர்டுஸ்டார் என்ற பழைய புரோகிராமில்தான் என்று சொன்னார். அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே கிடையாது. புழு நுழைய வழி ஏது? எழுத்தைத் தானாகத் திருத்தும் புது புரோகிராம்கள் அவருக்குப் பிடிப்பதில்லை. தட்டியது தட்டியபடி இருந்தால் போதுமாம்!

நம் வீட்டுப் பரணில்

இதெல்லாம் சீமைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் வீட்டுக்கும் இது வந்துவிட்டது.

2011-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. முதலில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் 7 இருந்தது. அதோடு நம் நாட்டிலேயே தயாரான பாஸ் லினக்ஸ் என்ற சிஸ்டமும் இருந்தது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்த விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-ஐப் போடலாம் என்றால், பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றை அது வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் பரணில் கிடக்கும் லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். முதலில் சில காரியங்கள் இருக்கின்றன.

உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ, பிள்ளைகளின் போட்டோ, சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் உடனே வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து எடுத்துவிடுங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும்.

ஆதரவு நின்ற சிஸ்டத்தை வைத்துக்கொண்டு பாங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பணம் அனுப்பாதீர்கள்.

பழைய லேப்டாப்பிலும் ஓடக்கூடிய லேசான லினக்ஸ் வகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கு ஓட்டை அடைக்கும் மருந்தும் தவறாமல் வருகிறது. விஷயம் தெரிந்த பிள்ளை ஒருவர் தெருவில் இருந்தால், ஒரு மாலை நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். எழுதவும், படிக்கவும், பாட்டுக் கேட்கவும், பிள்ளைகள் தட்டிப் பழகவும் அது தாராளமாகப் போதும்.

யாருக்கு மதிப்பு?

மெக்லாரன் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. பழைய காம்பாக் லேப்டாப்புகள் அடிக்கடி மக்கர் செய்தன, தேடிக் கிடைப்பதும் அரிதாயிற்று. ஆகையால் இன்றைய லேப்டாப்போடு பேசக்கூடிய புது இணைப்பு ஒன்றைத் தயார் செய்து வருவதாக 2016-ம் ஆண்டிலேயே கம்பெனி சொன்னது. துபாஷி கண்ணை மூடுவதற்குள் இன்னொரு துபாஷியைப் பழக்கவேண்டும் அல்லவா?

யந்திரம் துருப்பிடித்துச் சாவது உண்டு. தேய்ந்து சாவதும் உண்டு. ஆனால் இந்தக் காலத்தில் மூன்றாவது சாவு ஒன்று வந்திருக்கிறது. அதனோடு பேசத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல், நல்ல உடம்போடு ஊமையாகிச் சாவது!

அந்தச் சாவில் இருந்து 150 கோடி ரூபாய் காரை 20 ஆண்டு காப்பாற்றியது தங்கத் தகடு அல்ல. 12 சிலிண்டர் என்ஜினும் அல்ல. சில ஆயிரம் ரூபாய்கூடப் பெறாத ஒரு பழைய லேப்டாப். அதைத் தூக்கி எறியாமல் துடைத்து வைத்த ஒரு பட்டறை.

கிழவன் பேச்சு எடுபடாது என்பார்கள். இங்கே கிழவன் பேசினால்தான் காரே கேட்டது!